வெள்ளிக்கு வரும்

போன வாரம் தாணுலிங்கத்தின் மேல் கோபப்பட்டவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மனுஷன் செய்தது தப்புதான், இல்லை என்று யார் சொன்னது? மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறுகிற மனைவியிடம், திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் நாலு பேர் காது கேட்க, "நீ இல்லேன்னா வீடு ஒண்ணும் இருட்டிப் போயிராது, மெதுவா வா" என்று சொன்னால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

அவர் கேலியாகத்தான் சொன்னார். செண்பகவல்லி சிரிக்கவில்லை. "சரி, மெதுவாவே வாறேன்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்தவள்தான். அது மாசி மாதம். இப்போது ஓணமும் வந்து போய்விட்டது. பேரன் குப்புற விழுந்து, தவழவும் தொடங்கிவிட்டான். அவள் வரவில்லை. வா என்று அவர் கூப்பிடவுமில்லை.

போனில் பேசும்போதெல்லாம், "இங்க எல்லாம் சுகம். நீ அங்க உள்ளதைப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுவார். வைத்த பிறகு போன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அது சென்னையில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

போதாக்குறைக்கு, மழையில் அந்தப் போனும் ஊமையாகிவிட்டது. மணக்காட்டில் அவர் வீடு இருந்த தெரு முழுக்க அதே கதை, பக்கத்து வீட்டு ராகேலின் போன் மட்டும் எப்படியோ தப்பித்தது. புதன்கிழமை சாயங்காலம் ராகேல் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணாச்சி, சென்னையில இருந்து அக்கா விளிச்சாங்க. வெள்ளிக்கு வரும்னு சொல்லச் சொன்னாங்க, கேட்டீங்களா?"

"யாரு, அவளா பேசுனா?"

"பின்னே வேற யாரு? அவசரமாட்டு வச்சிட்டாங்க. பிள்ளை கரையுது, அழுகச் சத்தம் எனக்கே கேட்டுது."

ராகேலுக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம். தையல் மிஷினோடு திருவனந்தபுரம் வந்து வருஷம் இருபதாகிறது. அவள் பேசுவது தமிழா மலையாளமா என்று அவளுக்கே தீர்மானமில்லை. கேட்பவர்கள்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். தாணுலிங்கம் அன்றைக்கு எதையும் பிரிக்கவில்லை. வெள்ளிக்கு வரும். அவ்வளவு போதும்.

"வரட்டும், வரட்டும்" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தார். முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்று பட்டது.

மறுநாள் வியாழக்கிழமை வீட்டைக் கூட்டிப் பெருக்கினார். படுக்கை விரிப்பை மாற்றினார். அடுக்களையில் அவள் எங்கெங்கே என்னென்ன வைத்திருந்தாள் என்று யோசித்து, டப்பாக்களை அந்தந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அலமாரியின் மேல்தட்டைத் திறந்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

செண்பகவல்லிக்குச் சீராக வந்த வெள்ளிச் சாமான்கள் அங்கேதான் இருக்கும். விளக்கு ஒன்று, பன்னீர்ச்செம்பு, சந்தனக் கிண்ணம், ஒரு தாம்பாளம். கிளம்பும்போது அவள் சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு காரியம்: "மாசத்துக்கு ஒருக்கா வெள்ளியை எடுத்துத் தொடைச்சு வைங்க." அவர் செய்த ஒரே காரியம், பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய பேப்பரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டது. பேப்பரைப் பிரித்தால் உள்ளே வெள்ளியைக் காணவில்லை. நீலமும் பழுப்புமாக ஒரு கருப்பு. ரப்பர் பேண்டு இருந்த இடத்தில் மட்டும் கரிக்கோடு போட்ட மாதிரி வளையம்.

இந்த மனுஷன் சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் பாத்திரக்கடை மானேஜராக இருந்தவர் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கையில் வாங்கினாலே எடை சொல்வார். தட்டிப் பார்த்தாலே கலப்படம் சொல்வார். எத்தனையோ கல்யாணங்களுக்கு வெள்ளி கொடுத்தனுப்பியிருக்கிறார். ஆனால் ஒரு கிண்ணத்தையாவது தேய்த்திருக்கிறாரா என்றால், இல்லை. கடையில் அதற்கு ஆள் இருந்தது, வீட்டில் செண்பகவல்லி இருந்தாள்.

பித்தளைக்குப் புளி என்று கேள்விப்பட்டிருந்தார். புளியைக் கரைத்து விளக்கில் பூசித் தேய்த்தார். கருப்பு அங்கங்கே போனது, போன இடம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிக்கொண்டு நின்றது. பளபளப்பு இல்லை. பதறிப்போய்க் கழுவினார். பற்பசையைத் தடவிப் பார்த்தார். வாசனைதான் வந்தது.

கிணற்றடியில் முட்டுக்கால் மடக்கி உட்கார்ந்து, அவள் எப்படிச் செய்வாள் என்று யோசித்தார். வியாழக்கிழமை சாயங்காலமானால் இதே இடத்தில் உட்காருவாள். வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொள்வாள். பூந்திக்கொட்டை ஊறப்போட்ட தண்ணீர் ஒரு சட்டியில் நுரைத்துக் கிடக்கும். முதலில் அதில் அலசுவாள். பிறகு மல்துணியில் சலித்த திருநீற்றைச் சொட்டுத் தண்ணீரில் குழைத்து, நார் போடாமல், விரலாலேயே தேய்ப்பாள். "இந்த விளக்கைக் கொஞ்சம் புடிங்களேன், வழுக்குது" என்பாள். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டே "அப்புறம்" என்பார். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை.

இப்போது அவராகவே ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தேய்த்தார். வழுக்கத்தான் செய்தது.

பழனித் திருநீறு இரண்டு பொட்டலம் தீர்ந்தது. முருகனுக்குக் காரணம் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மெல்ல மெல்ல வெள்ளி வெளியே வந்தது. தாம்பாளத்தின் ஓரத்தில் அவள் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். புள்ளிகளுக்குள் கருப்பு அடைந்திருந்தது. தீக்குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதேயில்லை. "ஏட்டீ", "இங்க பாரு", அவ்வளவுதான். எழுத்துகளைத் துடைக்கத் துடைக்க வாய் தானாக முணுமுணுத்தது. கடைசி எழுத்துக்கு வந்தபோது கண் நிறைந்துவிட்டது. திருநீறு பட்டுவிட்டது என்று துண்டால் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் யாருமே இல்லை, யாருக்காக அந்தப் பொய் என்று தெரியவில்லை.

அவளைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். அவள் வந்து, இதைப் பார்த்து, "ஆமா, தேய்ச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வெள்ளிக்கிழமை முகம் மழித்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டினார். கூடத்து மேஜையில் செம்பட்டுத் துணி விரித்து வெள்ளியைப் பரப்பி வைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கூடமே வேறாக இருந்தது. ராகேல் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சியா தேய்ச்சது? கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு" என்று மோவாயில் கை வைத்தாள். கிழக்கேகோட்டையில் பிச்சிப்பூ ஒரு முழம் வாங்கி, இலையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தம்பானூருக்கு நடந்தார்.

சென்னை மெயில் வழக்கம்போலத் தாமதம். வந்ததும் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பெண்கள் இறங்கினார்கள், பெட்டிகள் இறங்கின, சாக்குமூட்டைகள் இறங்கின. கூட்டம் கரைந்தது. கடைசிப் பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பியபோது யாரோ குனிந்து காலைத் தொட்டார்கள்.

"மாமா, நீங்க எதுக்கு ஸ்டேஷனுக்கெல்லாம் வந்தீங்க? நானே ஆட்டோ பிடிச்சு வந்திருப்பேனே."

மாப்பிள்ளையின் தம்பி விஜய்குமார். கல்யாணத்தன்று பார்த்தது. தாணுலிங்கம் அவன் தோளுக்கு மேலே பார்த்தார்.

"பின்னால...?"

"பின்னால ஒண்ணும் இல்லை மாமா. இந்த ஒரு பைதான்."

அந்த ரயில் அப்படியே அவர் மேல் ஏறிப்போயிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. ஆனாலும் நம்முடைய ஆள் லேசுப்பட்டவரா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வராம இருப்பனா? நம்ம வீட்டுப் பிள்ளை வருதுன்னா ஸ்டேஷனுக்கு வாறதுதான முறை" என்றார்.

ஆட்டோவில் போகும்போது விஜய்குமார் மூக்கை உறிஞ்சினான். "பூ வாசனை வருது மாமா."

"டிரைவர் சாமிப் படத்துக்குப் போட்டிருப்பான்" என்றார். டிரைவர் முன்னால் மாட்டியிருந்தது சிலுவை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

விஜய்குமாருக்கு மறுநாள் ஊருக்கு வடக்கே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்புகிறான். இதையெல்லாம் வழியிலேயே சொல்லி முடித்தான். பேச்சு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் வெள்ளை மனசுக்காரன். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மேஜையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"சூப்பர் மாமா. எல்லாத்தையும் பாலிஷ் போட்டு ரெடியா வச்சுட்டீங்க. அத்தை சொன்னாங்க, 'வெள்ளிக்கு ஆள் வரும்னு ராகேல்கிட்ட சொல்லியிருக்கேன், மாமா எடுத்து வச்சிருப்பாங்க, வாங்கிட்டு வந்துரு'ன்னு."

தாணுலிங்கம் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெள்ளிக்கு ஆள் வரும். ராகேல் அதில் ஆளை மட்டும் தள்ளிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. மலையாளத்தில் நான் வந்தாலும் வரும், நீ வந்தாலும் வரும், ஊரே திரண்டு வந்தாலும் வரும்தான். யார் என்று கேட்பவன் போட்டுக்கொள்ள வேண்டும். இவர் போட்டுக்கொண்டார். எட்டு மாதமாக மனசில் ஒரே ஒரு ஆள்தானே இருந்தது, வேறு யாரைப் போடுவார்? வெள்ளி என்றால் கிழமை என்றும் அவரேதான் முடிவு செய்தார். இந்தப் பையன் வந்திறங்கியது வெள்ளியன்று என்பது விதியின் குசும்பு.

"பேரனுக்குக் காது குத்தா?" என்றார், குரலைச் சமன்படுத்திக்கொண்டு.

"அது தையிலதான் மாமா. இது சும்மா அங்கேயே வச்சுக்கிறதுக்கு. அண்ணி வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டாங்கல்ல? குழந்தையை அத்தைதான் பார்த்துக்கறாங்க. அண்ணன் பூஜை ரூமுக்குப் புதுசா கதவெல்லாம் போட்டுக் கொடுத்தான். 'என் விளக்கு இருந்தா இங்கேயே ஏத்திக்கிடுவேன்'னு அத்தை சொன்னாங்க."

மகள் ஸ்ரீப்ரியாவுக்கு அம்மா தேவை. அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை நல்லவர். கதவு போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்பிள்ளை தன் விளக்கை எங்கே வைக்கிறாளோ அதுதான் அவள் வீடு. அந்த விளக்கு ஞாயிற்றுக்கிழமை பைக்குள் போய்விட்டால், அப்புறம் இந்த வீட்டுக்கு அவள் விருந்தாளியாகத்தான் வருவாள்.

பையனுக்குத் தோசை வார்த்துக் கொடுத்தார். தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. "ஒரு போன் பண்ணணும், வாறியா?" என்று எழுந்தார். விஜய்குமாரும் தான் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டுமே என்று கூடவே வந்தான்.

ராகேல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். விஷயம் தெரிந்ததும், "நான் உள்ளதைத்தானே பறஞ்சேன் அண்ணாச்சி, வெள்ளிக்கு வரும்னு" என்று முகம் சிறுத்துப்போனாள். "நீ சொன்னது சரிதான்" என்று அவர் போனை எடுத்தார்.

செண்பகவல்லிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"பையன் வந்துட்டானா?"

"வந்தான். சாப்பிட்டான்."

"வெள்ளியைத் துணியில சுத்திக் குடுங்க. பேப்பர் வேண்டாம்."

எப்போதும் சொல்லும் 'எல்லாம் சுகம்' நாக்கு நுனியில் வந்து நின்றது. முழுங்கினார்.

"விளக்கும் வேணுமா?" என்றார்.

"விளக்குக்குத்தான சொல்லிவிட்டதே." கொஞ்சம் இடைவெளி விட்டு அவள் தொடர்ந்தாள். "நான் இல்லேன்னா வீடு இருட்டிப் போயிராதுன்னு சொன்னீங்க. அப்ப அந்த விளக்கு அங்க எதுக்கு?"

எட்டு மாதமானாலும் எண்பது வருஷமானாலும் சொன்ன சொல்லைப் பெண்கள் அப்படியே முடிந்து வைத்திருப்பார்கள். தாணுலிங்கத்துக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒரு எழுத்து. வா. அது வாயில் வரவில்லை. வந்தது வேறு.

"விளக்கு கருத்துப் போச்சு."

ராகேலின் வாய் திறந்தது. விஜய்குமார் மாமாவின் முகத்தைப் பார்த்தான்.

"கருத்துப் போச்சா? தொடைக்கவே இல்லையா?"

"இல்லை. எல்லாமே கருத்துக் கெடக்கு. வெள்ளின்னே தெரியலை."

"எம்புட்டுக் கருப்பு?"

"கரியாட்டு."

"அப்படியா போட்டு வச்சிருக்கீங்க? யாரையாவது விட்டுத் தேய்க்கச் சொல்லப்படாதா?"

"யாரு இருக்கா இங்க?" என்றார்.

சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தார். நடுவில் குரல் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் குழந்தை தட்டுவது மட்டும் கேட்டது. எஸ்.டி.டி. காசு ஓடிக்கொண்டிருந்தது, ராகேல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"சாப்பிடுதீங்களா?" என்று செண்பகவல்லி கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"சாப்பிடுகேன்."

"நீங்க அதைத் தொடாதீங்க. புளியைப் போட்டு நாசமாக்கிருவீங்க. அந்தப் பையன்கிட்டயும் குடுத்து விடாதீங்க, கருப்போட சம்பந்தி வீட்டாளு கையில குடுத்தா எனக்குத்தான் அசிங்கம்." மூச்சு விட்டுச் சொன்னாள். "திங்கக்கிழமை ஏறி, செவ்வாக்கிழமை வாறேன்."

அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். "யாரு, நீயா?"

"பின்னே யாரு? நாந்தான். ரெண்டு நாளு பிரியா லீவு போடுவா. தேய்ச்சு எடுத்துக்கிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்பிருவேன். கருப்பு போக வேண்டியதுதான பாக்கி."

"சரி" என்றார். இன்னும் ஏதாவது சொல்வாரா என்று அவள் காத்திருந்தது அவருக்கும் தெரிந்தது. "மெதுவா வா"வும் வரவில்லை, "சீக்கிரம் வா"வும் வரவில்லை. "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னல் வழியாக, அவர் வீட்டுக் கூடத்து மேஜை தெரிந்தது. வெயில் நேரே அதன் மேல் விழுந்திருந்தது. பன்னீர்ச்செம்பு கண்ணைக் கூச வைத்தது.

"மாமா, நான் எதையும் பார்க்கலை" என்றான் விஜய்குமார். நல்ல பையன். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவன் சென்னையில் இறங்குவான், அவள் ரயிலேறுவது அன்றைக்குச் சாயங்காலம். நடுவில் ஒரு பகல் முழுக்க அந்த வாய் சும்மா இருக்க வேண்டுமே. அவன் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

தாணுலிங்கம் கிளம்பவில்லை. ராகேலின் வாசலில் நின்று வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ராகேலு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"வெள்ளி... சீக்கிரமாக் கருக்கணும்னா என்ன வழி?"

ராகேல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் அப்படியே திரும்பிப் போயிருப்பார். அவள் யோசித்தாள். "வழியுண்டு. எனக்க மகளுக்க கொலுசை ஒருக்கா தெரியாத முட்டைப் பாத்திரத்துக்கூட வச்சு மூடிட்டேன். விடிஞ்சு பாத்தா காக்காக் கருப்பு. முட்டையை வேவிச்சு, சூட்டோட உடைச்சு, வெள்ளிக்குப் பக்கத்துல வச்சு இறுக்கி மூடணும். ஆனா அண்ணாச்சி, நீங்க..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதுமில்லை. சைவப் பிள்ளைமார் வீடு. முட்டை போட்ட கேக் என்று மகளின் பிறந்தநாளுக்கு வந்ததைக் கூடத் தட்டோடு திருப்பி அனுப்பியவர் அவர். ராகேலின் கோழி ஒரு தடவை மதிலேறி வந்து மல்லிச்செடிக்கடியில் முட்டையிட்டுவிட்டது என்று கிணற்றடியெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்த மனுஷன்.

ராகேல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். துணி போட்டு மூடியிருந்தாள்.

"ரெண்டு முட்டை மதி, போதும். நான் வேணும்னா எனக்க வீட்லயே வச்சு..."

"வேண்டாம், நான் வச்சுக்கிடுகேன்." அவர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. எதையோ கணக்குப் போடுவது போல அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ரெண்டு முட்டையில வாற கருப்பு, ரெண்டு நாள்ல தேய்ச்சாப் போயிரும்லா?" என்றார் தாணுலிங்கம். "ஒரு ஆறு குடு, ராகேலு."